யார் சொன்ன வழி

ஜூன் 17, செவ்வாய்

ஞாயிறு மாலை 5.38. செய்தி வந்த நேரம் அது. எது நின்றாலும் முதலில் நேரத்தைக் குறித்துவிடுவது ஆபீஸ் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

செய்தி ஒன்று இல்லை, இரண்டு. முதலில் சங்கவியின் போனிலிருந்து ஓர் ஆண் குரல். "சார், ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். இந்த போன்ல 'வீட்டுக்காரர்'னு இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். மேடம் வண்டி லாரியில பட்டுருச்சு. மஞ்சவாடி கணவாய் தாண்டி, அரூர் பக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நெலமை சரியில்ல சார், ஒடனே கெளம்புங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. மாதேஷ் மச்சான். சங்கவியின் அண்ணன். அரூரில் எங்கள் கம்பெனியின் பால் குளிரூட்டும் சென்டருக்குப் பொறுப்பாளர். போலீஸ்காரரைத் துண்டித்துவிட்டு அவரை எடுத்தேன்.

"மாப்ள, பதறாத. காலுல சின்ன அடி. நான் கூடத்தான் இருக்கேன். மெதுவா வா. மலையில பாத்து வா."

சரி என்றேன். மெதுவாகவே போனேன். இன்சூரன்ஸ் அட்டை, அவள் படிக்கப் போடும் கண்ணாடி, நைட்டி, சார்ஜர் எல்லாம் எடுத்துவைத்தேன். ஆஸ்பத்திரித் தலையணை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவளுடைய தலையணையைப் பின் சீட்டில் போட்டேன். அயோத்தியாப்பட்டணத்தில் வண்டியை நிறுத்திச் சாத்துக்குடி வாங்கினேன். தோல் மெல்லிசாக இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் செருப்பில்லாமல் நின்றிருந்தார். பழப் பையை என் கையிலிருந்து யார் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

நான் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் என்றார்கள். எத்தனை பேர் அதைச் சொன்னார்கள்! கொஞ்ச நேரம் முன்னால்தான், கொஞ்ச நேரம் முன்னால்தான்.

ஜூன் 18, புதன்

பால் தெளித்தாயிற்று. சென்டரிலிருந்து மச்சானே கேனில் கொண்டுவந்தார். என் கையில் சொம்பைக் கொடுக்கும்போது என் தோளைத் தொட வந்தார். நகர்ந்துகொண்டேன்.

மாடி வீட்டு அம்மா, "ஹெல்மெட் போட்டிருந்தாளா தம்பி?" என்று கேட்டார். போட்டிருந்தாள். "அப்புறம் எப்படி?" எனக்கு எப்படித் தெரியும்?

ஃப்ரிட்ஜில் அவள் சனிக்கிழமை ஆட்டிய மாவு இருக்கிறது. அம்மா எடுத்துக் கொட்டப் போனாள். கத்திவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஜெயசீலன் சார் போன் செய்தார். எங்கள் மேனேஜர். ஐந்து நிமிடம் துக்கம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

"லோகு, இப்ப கேக்கக் கூடாதுதான். அரூர் லிங்க் டவுனாகிக் கெடக்குப்பா. மத்த சென்டர் எல்லாம் ஓடுது. ரோடு வேலையில அறுந்த ஃபைபரை நேத்தே ஒட்டிட்டான். பச்சை லைட்டு எரியுதாம். டேட்டா மட்டும் வரமாட்டேங்குது. நெட்வொர்க்னா நீங்க ரெண்டு பேருதான். இப்ப..." முடிக்கவில்லை. கம்பெனியில் நெட்வொர்க் பிரிவு என்றால் சங்கவியும் நானும்தான். சேலம் தலைமை ஆபீஸில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம்.

பார்க்கிறேன் என்றேன். வைத்த கையோடு மச்சான்.

"மாப்ள, லிங்க்கு..."

"தெரியும்."

"காலைப் பாலு வந்து வரிசை கட்டி நிக்குது. கொழுப்பு பாக்கற மெஷினு சேலத்துலேர்ந்து பதில் வந்தாத்தான் அடுத்த கேனை எடுக்குது. ஒரு கேனுக்குப் பத்து நிமிஷம் யோசிக்குது. பொண்ணு பாக்கப் போனாக்கூட அவ்வளவு யோசிக்கமாட்டாங்க."

அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார். சங்கவி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நான் சிரிக்கவில்லை என்று அவருக்கும் தெரிந்தது.

"நீ சாப்பிட்டியா மாப்ள?"

வைத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

அம்மா தூங்கும்போது லேப்டாப்பை எடுத்தேன். காரியம் முடியும்வரை அதைத் தொடக் கூடாதாம். எந்த சாஸ்திரத்தில் லேப்டாப் வருகிறது என்று காலையில் கேட்டேன். அழுதாள்.

சேலத்திலிருந்து அரூர் ரூட்டரை, டேட்டா எந்த வழியில் போவது என்று முடிவு செய்யும் பெட்டியை, நேராகத் தொட முடியவில்லை. நாம் கேட்பது ஃபைபரில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது சொல்லும் பதில் வேறு வழியில் போய்த் தொலைகிறது. ஆனால் அந்த ஃபைபரின் மறுமுனையில் இருக்கிற பாப்பிரெட்டிப்பட்டி ரூட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து அரூருக்குத் தாவலாம். பக்கத்து வீட்டுக்காரனிடம் பேச ரூட்டருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.

தாவினேன். பார்த்தேன்.

ஃபைபர் நன்றாக இருக்கிறது. அதன் வழியாகச் சேலத்துக்குப் போகலாம் என்று ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி அரூருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அரூர் கேட்கவில்லை. காரணம் ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை ஃபைபர் அறுந்து கிடந்தபோது, மலை மேலிருக்கிற டவர் வழியாகப் போ என்று சங்கவி அரூர் சென்டருக்கே போய்க் கையால் அடித்துவைத்த வரி. அந்த டவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஏதோ செத்துவிட்டது. இந்தப் பக்கம் விளக்கு எரிகிறது. ரூட்டருக்கு அது போதும். போகிற பால் கணக்கெல்லாம் டவர்வரை போய்க் காணாமல் போகிறது.

வரிக்குப் பெயர் வைக்க ஓர் இடம் உண்டு. யாரும் வைப்பதில்லை. அவள் வைப்பாள். இதற்கு 'ஞாயிறு மட்டும்' என்று வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வந்து எடுத்துவிடுவாள்.

லேப்டாப்பை மூடினேன். ஜெயசீலன் சாருக்கு, 'ரிமோட்டில் பிடிக்க முடியவில்லை' என்று மெசேஜ் போட்டேன்.

ஜூன் 21, சனி

துணி துவைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

மச்சான் காலையில் இரண்டு முறை, மாலையில் மூன்று முறை. எல்லாம் லிங்க் பற்றித்தான். எல்லாவற்றின் முடிவிலும் சாப்பிட்டியா. லிங்க்குக்காகக் கூப்பிடுகிறாரா, சாப்பிட்டேனா என்று கேட்க லிங்க்கைச் சாக்காக வைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

மூன்றாவது முறை சண்டை வந்தது.

"ஏன் மாப்ள, நல்ல ரோடு போட்டுருக்கான். பச்சை லைட்டு எரியுது. அப்புறம் எதுக்குக் கெட்ட ரோட்டுலயே போவுது உன் ரூட்டரு? அதுக்குக் கண்ணு இல்லையா?"

"ரோடு நல்லதா கெட்டதான்னு அது மொதல்ல பாக்காது மச்சான். ஒரே ஊருக்கு நாலு பேரு நாலு வழி சொன்னா, யாரு சொன்னாங்கன்னுதான் பாக்கும்."

"அதெப்படி?"

"ஒவ்வொருத்தருக்கும் முன்கூட்டியே ஒரு நம்பர் போட்டு வச்சிருக்கு. நம்பர் சின்னதா இருந்தா நம்பிக்கை ஜாஸ்தி. தன் கண்ணெதிர்ல வயர்ல தொடுற எடம்னா சைபர். மனுசன் கையால எழுதிவச்ச வழி ஒண்ணு. ரூட்டருங்க தங்களுக்குள்ள பேசிக் கண்டுபிடிக்கற வழி நூத்திப் பத்து. நாம வாங்கின பழைய கம்பெனி சென்டருங்க பேசுதே, அந்தப் பழைய முறை, அது நூத்தி இருவது. சின்ன நம்பர்காரன் சொல்றதைத்தான் கேக்கும். பெரிய நம்பர்காரன் நெசத்தைச் சொல்லிக் கத்தினாலும் காதுல ஏறாது."

 மறுமுனையில் கேன்கள் மோதும் சத்தம் கேட்டது.

"சின்ன நம்பர்காரன் பொய் சொன்னா?" என்று கேட்டார்.

"அதையும் நம்பும்" என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

அந்தப் போலீஸ்காரர் இன்று கூப்பிட்டார். வண்டியை எடுத்துப்போகச் சொல்லத்தான். பெயர் கணேசமூர்த்தியாம். "அன்னிக்கு நான் சொன்னவொடனே கெளம்பிட்டீங்களா சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். கிளம்பிவிட்டேன் என்றேன்.

முன்பின் தெரியாத குரல். நூற்று இருபது. மச்சான் குரல் ஒன்று. நான் என்ன செய்ய முடியும்? என் தலையிலும் அந்தப் பட்டியலை யாரோ முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் சாவை யாரும் சாவென்று சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள். அப்படிச் சொன்னால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம், எல்லாருக்கும் தெரியும். மச்சான் அந்த சீரியஸைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. காலில் சின்ன அடி. அவள் உயிரோடு இருந்த நேரத்தில் நான் சாத்துக்குடியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் கடைசி எண் 255. அந்த எண்ணைப் போட்டால், அந்தப் பக்கத்திலிருந்து எது வந்தாலும் ரூட்டர் எடுத்துக்கொள்ளாது.

மாதேஷ்: 255.

ஜூன் 26, வியாழன்

அரூரில் புளித்துப்போன பாலை சென்டர் கேட்டிலேயே ஊற்றியிருக்கிறார்கள். மச்சான் வீடியோ அனுப்பியிருந்தார். வெயிலில் காய்ந்து வெள்ளையாகத் திரிந்து கிடக்கிறது. ஒரு பெண் காலிக் கேனை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறார். அவர் பதிலுக்குக் கத்தாமல் நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு ஜெயசீலன் சார்.

"லோகு, மேல ரொம்பக் கோவமா இருக்காங்க. திங்கக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா செவ்வாக்கெழமை வெளி ஆளை வரவச்சுப் புது ரூட்டர் மாட்டிடலாம், பழசைக் கழட்டிடலாம்ங்கறாங்க. மாதேஷுக்கும் மெமோ ரெடி. சென்டரைச் சரியாப் பாத்துக்கலைன்னு. தூக்கி எங்கயாவது போட்டுருவாங்க. உனக்குச் சொந்தம், அதான் முன்னாடியே சொல்றேன்."

ஒரு வரி. எடுக்க அரை நிமிடம் ஆகாது. எடுத்தால் அரூர் ஓடும், மச்சான் பிழைப்பார். எடுக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை ரூட்டரோடு அந்த வரியும் போகும்.

எப்படியும் போகப் போகிற வரிதான். என் கையால் ஏன்?

கேஸ் சிலிண்டர் வந்தது. புக் செய்தது அவள். அவள் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார்கள். அவள் போன் ஸ்டேஷனில் இருக்கிறது. சிலிண்டர்காரன் என்னைத் திட்டிவிட்டுப் போனான். நியாயம்தான்.

ஜூன் 27, வெள்ளி

அம்மா: "எவன் பாலு புளிச்சா உனக்கென்னடா? நீ மொதல்ல சோத்தைத் தின்னு."

அத்தை, சங்கவியின் அம்மா, போனில்: "மாதேஷு மேல கோவமா தம்பி? அவன் சோறே எறக்கறதில்ல. ஒரு வார்த்தை பேசுப்பா."

சித்தப்பா: "ஆறு மாசம் போகட்டும், வேற ஏற்பாடு பாக்கலாம்." இதை என் எதிரிலேயே சொல்கிறார்.

எல்லாரும் வழி சொல்கிறார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

நாளைக்குக் காரியம். அதற்குப் பால், தயிர் என்று கம்பெனி வேனில் மச்சானே வந்தார். அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராக நான் இருந்த அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"லிங்க்கைப் பத்திப் பேச வரல" என்றார்.

"வேற என்ன பேசணும்?"

"திட்டு. போன்ல வச்சு வச்சு ஓடற. நேர்ல திட்டு."

திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. அவள் மூச்சு இருக்கும்போது என்னைப் பார்க்கவிடாமல் செய்தவர் நீங்கள் என்று சொன்னேன். அவருடைய சென்டர் என் கையில் இருக்கிறது, அரை நிமிட வேலை, பத்து நாளாகச் செய்யாமல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே கேட்டது.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். "நீ மூணு மாசத்துக்கு முன்னாடி ஏற்காடு கல்யாணத்துல உக்காந்துக்கிட்டே எங்க ரூட்டரைச் சரி பண்ணினவன். ரிமோட்டுல முடியலன்னு ஜெயசீலன் நம்புவாரு. நான் நம்புவனா?"

"அப்ப ஏன் சொல்லல? மெமோ வருதே."

"வரட்டுமே." மேஜை மேலிருந்த சங்கவியின் கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "அன்னிக்கு நீ ஒரு விஷயம் சொன்ன. யாரு சொன்னாங்கன்னுதான் பாக்கும்னு. ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் தன் வாயால சொன்னா? அப்ப ரூட்டருக்கு என்ன கணக்கு?"

"அப்படி உண்டு. ஒரு எடத்துல கேட்டதை இன்னொரு எடத்துல தன் பேச்சா மாத்திக் கொடுக்கறது. கேக்கற ரூட்டருக்கு, கடைசியாச் சொன்ன வாய்தான் கணக்கு. மொதல்ல யாரு சொன்னாங்கன்னு தெரியாது." எரிச்சலோடுதான் சொன்னேன். இந்த நேரத்தில் பாடமா?

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"காலுல அடின்னு நான் சொல்லல மாப்ள. அவ சொன்னா."

கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"நெனவோடதான் இருந்தா. ஸ்ட்ரெச்சர்ல. என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணா, அவருகிட்ட காலுல அடின்னு மட்டும் சொல்லு. நெசத்தைச் சொன்னா மலையில பறந்து வருவாரு. எனக்கு என்னாச்சுன்னு பத்து பேருக்கு போன் போட்டுக்கிட்டே ஓட்டுவாரு. மெதுவா வரச் சொல்லு'ன்னா. நான் நம்பரைப் போட்டேன், அவ பாத்துக்கிட்டே இருந்தா. நீ சரின்னு சொன்னியே, அது அவளுக்கும் கேட்டுச்சு. கேட்டதும் கையை விட்டுட்டா. அப்புறம்தான் உள்ள கொண்டு போனாங்க."

கேட்டிருக்கிறது. நான் சரி என்றது கேட்டிருக்கிறது.

"ஏன் மச்சான் இத்தனை நாளா சொல்லல?" என்றேன்.

"சொல்லி? என்னைத் திட்ட உனக்கு முடியுது. அவளைத் திட்ட முடியுமா? யாரையாவது திட்டணும்ல நீ. நான் பெரிய ஒடம்பு, தாங்குவேன்னு இருந்தேன்." எழுந்தார். "பால் புளிச்சதைக்கூடத் தாங்கிட்டேன். நீ சாப்பிடாம கெடக்கறியாம். அதான் முடியல."

கதவைத் திறந்து வெளியே போய், கூடத்தில் நின்று அம்மாவிடம், "என்னங்கத்தை, மாடிக்காரங்க ஏதோ குலுக்கல்ல ஜெயிச்ச மாதிரி எட்டி எட்டிப் பாக்கறாங்க?" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூன் 30, திங்கள்

காரியம் முடிந்தது. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மதியமே கிளம்பினார்கள். மச்சான் மாலைப் பாலுக்கு சென்டரில் இருக்க வேண்டும் என்று போய்விட்டார்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குள் நுழைந்து அரூருக்குத் தாவினேன்.

வரியை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். கையால் எழுதிய வழிக்கும் நாமே ஒரு எண் போடலாம். போடாமல் விட்டால் ஒன்று. அதே வரியைத் திரும்ப அடித்து, கடைசியில் ஒரு பெரிய எண்ணைச் சேர்த்தால், அது மற்ற எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஃபைபர் இருக்கும்வரை தலையைக் காட்டாது. ஃபைபர் அறுந்து, யாரும் எந்த வழியும் சொல்லாமல் போகிற அன்றைக்கு அது தானாக முன்னே வரும்.

255 போடவில்லை. 250 போட்டேன். பெயரை மாற்றவில்லை.

டவர் ஆட்களுக்கும் போன் போட்டு, அந்தப் பக்கம் செத்திருப்பதைச் சரி செய்யச் சொன்னேன். சும்மா இருக்கிற வழியும் நல்ல வழியாக இருக்க வேண்டும்.

மச்சானுக்கு நானே போன் செய்தேன். எடுத்ததும், "மாப்ள, மெஷினு பேய் புடிச்ச மாதிரி ஓடுது. கேனை வைக்கறதுக்குள்ள ரசீதைத் துப்புது" என்றார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.



ஜெயசீலன் சாருக்கு, 'பிழை என்னுடையது, மாதேஷுக்கு மெமோ வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன். எந்தப் பிழை என்று கேட்டு நான்கு முறை கூப்பிட்டுவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

மாவைக் கொட்டினேன். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தேன். நாற்றம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அரூர் போகிறேன். லிங்க்குக்காக இல்லை. அத்தை களி கிண்டி வைத்திருக்கிறாராம். மச்சான் மதியம் வீட்டுக்கு வருவாராம், வரும்வரை நான் சாப்பிடக் கூடாதாம். போகிற வழியில் அவள் வண்டியைப் பார்க்க வேண்டும், கணேசமூர்த்தி என்பவரையும்.

ஜெயசீலன் சார் மறுபடி கூப்பிடுகிறார். சித்தப்பா இரண்டு முறை. மாடி வீட்டு அம்மா வாட்ஸாப்பில் ஏதோ அனுப்பியிருக்கிறார். அரூர் போக மஞ்சவாடி வேண்டாம், ஊத்தங்கரை வழியாகச் சுற்றிப் போ என்று அம்மா வாசலில் நின்று சொல்கிறாள்.

மஞ்சவாடி வழியாகத்தான் போகிறேன். மலையில் மெதுவாகத்தான் ஏறுவேன். போனை அணைத்துவிட்டேன்.